கொழும்பில் மரண சாதனம் எழுதுதல்: உறுதிப் பெட்டியிலிருந்து நீதிமன்றம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மரண சாதனம் எழுத நொத்தாரிசிடம் போகிறவர்களில் பெரும்பாலானோர் "வெள்ளவத்தை வீடு மகளுக்கு, ஊர்க் காணி மகனுக்கு" என்ற முடிவோடுதான் படியேறுகிறார்கள். யாருக்கு எது என்பது உண்மையில் மூன்றாவது கேள்வி. எனக்கு எந்தச் சட்டம் பொருந்துகிறது, சட்டப்படி என் பெயரில் இருப்பவை எவை என்ற இரண்டுக்கும் விடை காணாமல் எழுதப்பட்ட சாதனம், கையொப்பத்திலும் முத்திரையிலும் ஒரு குறையும் இல்லாவிட்டாலும், பிள்ளைகளைப் புதுக்கடை நீதிமன்றத்துக்கு ஆண்டுக்கணக்கில் அலைய வைக்கக்கூடும். ஆகவே இந்த வழிகாட்டி அந்த ஒழுங்கிலேயே செல்கிறது. இது பொதுவான விளக்கமே. உங்கள் உறுதிகளை நேரில் பார்த்த சட்டத்தரணியின் ஆலோசனைக்கு இது ஈடாகாது.

முதற்படி: எந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்துகிறது?

சாதனம் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவருடைய சொத்து யாருக்குப் போகும் என்பதற்கு இலங்கையில் ஒரே விடை இல்லை. பொதுச் சட்டத்தின் கீழ் வருவோருக்கு 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் பொருந்தும். அதன்படி உயிருடன் இருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ பாதியும், பிள்ளைகளுக்குச் சமமாக மற்றப் பாதியும் சேரும். பிள்ளைகள் இல்லாத தம்பதியர் பலர், தமக்குப் பின் எல்லாமே துணைக்குத்தான் போகும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. துணைக்குக் கிடைப்பது அப்போதும் பாதிதான்; மற்றப் பாதி இறந்தவரின் பெற்றோர், சகோதரர் என்ற வழியில் போய்விடும். பிள்ளையில்லாத தம்பதியருக்கு மரண சாதனம் மிக அவசரமானது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்களுக்குத் தேசவழமை என்ற வடபகுதித் தமிழரின் மரபுச் சட்டம் பொருந்தக்கூடும். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமும், அதைத் திருத்திய 1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டமும் இங்கே ஆளுகின்றன. பெற்றோர் வழியாக வந்த முதுசமும், பிற உறவுகள் வழியாக வந்த உரிமையும், திருமணத்தின் பின் பணம் கொடுத்துச் சேர்த்த தேடிய தேட்டமும் தனித்தனி வகைகள். சாதனம் இல்லாமல் இறந்தவரின் தேடிய தேட்டத்தில் பாதி துணைக்கும் பாதி வாரிசுகளுக்கும் போகும். முதுசம் அப்படியல்ல, அது பிள்ளைகளுக்குப் போகும், பிள்ளைகள் இல்லாவிட்டால் வந்த வழிக்கே திரும்பும், துணை அங்கே கடைசி வரிசையில்தான் நிற்பார்.

கொழும்பில் இரண்டு மூன்று தலைமுறையாக வாழும் குடும்பத்துக்குத் தேசவழமை இன்னும் பொருந்துமா என்பது பெயரையோ மொழியையோ வைத்துத் தீர்மானிக்கப்படுவதில்லை. வடமாகாணத்தில் நிரந்தர வாழிடம் உண்டா, கொழும்பு வாழ்க்கை தொழிலுக்காக மட்டுமா, திரும்பிப்போகும் எண்ணம் இருந்ததா என்ற உண்மைகளை நீதிமன்றம் ஆராயும். தேசவழமைக்கு உட்படாத பெண் அதற்கு உட்பட்ட ஆணை மணந்தால், மணவாழ்க்கை நீடிக்கும் வரை அவரும் அதற்கு உட்படுவார். எதிர்மாறாக, அதற்கு உட்பட்ட பெண் வெளியாரை மணந்தால் அந்தக் காலத்தில் அவர் உட்படமாட்டார். மலையகத்தையோ மட்டக்களப்பையோ பூர்வீகமாகக் கொண்ட, அல்லது கொழும்பிலேயே வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களுக்குப் பொதுச் சட்டமே பொருந்தும். தமிழ் பேசும் முஸ்லிம்கள் சாதனமின்றி இறந்தால் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வழியாக அவர்களுடைய மத்ஹபின் (இஸ்லாமியச் சட்டப் பிரிவின்) விதிகள் செயற்படும். அவர்கள் சாதனம் எழுதுமுன் மார்க்க அறிஞர் ஒருவரிடமும் சட்டத்தரணி ஒருவரிடமும் சேர்த்தே பேசுவது நல்லது.

சாதனம் எழுதினால் இந்தப் பங்கீட்டு விதிகளைப் பெரும்பாலும் கடந்துவிடலாம். 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தகுதியுள்ள எவரும் தம் சொத்தைத் தாம் விரும்பியவருக்கு எழுதலாம் என்றும், பிள்ளையையோ பெற்றோரையோ காரணம் கூறாமலே விலக்கலாம் என்றும் பரந்த உரிமை கொடுத்திருக்கிறது. தேசவழமைக்கு உட்பட்ட பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இதில் உண்டு. தம் தனிச் சொத்தான காணியை வாழும் காலத்தில் விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். ஆனால் அதே காணியை மரண சாதனத்தில் எழுதுவதற்குக் கணவனின் சம்மதம் வேண்டியதில்லை. இதைத் தெரிந்து வைத்திருக்கும் பெண்களை நான் மிக அரிதாகவே சந்தித்திருக்கிறேன்.

இரண்டாம் படி: உறுதிகளை வெளியே எடுத்தல்

அலுமாரியில் உள்ள உறுதிகள் அனைத்தையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் மூன்று விடயங்களைப் பாருங்கள்: உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது, முழுக் காணியா பிரிபடாத பங்கா, காணிப் பதிவகத்தில் பதியப்பட்டுள்ளதா. தொடர்மாடி வீடாக இருந்தால் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிமனை உடைமைச் சட்டத்தின் கீழான திட்ட வரைபடத்தின் இலக்கமும் வீட்டு அலகின் இலக்கமும் உறுதியில் இருக்கும். வாகனத் தரிப்பிடம் அதே உறுதியில் அடங்கியதா, தனியாக எழுதப்பட்டதா என்பதையும் பாருங்கள். பணம் முழுவதும் கட்டியும் உறுதி இன்னும் எழுதப்படாத வீடுகள் கொழும்பில் உண்டு. அப்படியானால் உங்களிடம் இருப்பது வீடு அல்ல, கட்டட நிறுவனத்துடனான ஒப்பந்தத்தின் கீழ் ஓர் உரிமை மட்டுமே; சாதனத்திலும் அது அப்படியே எழுதப்பட வேண்டும்.

ஊர்க் காணிகளில் வேறு சிக்கல். தாத்தாவின் பெயரில் இருக்கும் உறுதி, தந்தை இறந்தபின் எந்த நடவடிக்கையும் எடுக்கப்படாமல் அப்படியே கிடக்கும். உங்களுக்கு அதில் பங்கு இருக்கலாம். ஆனால் அது நான்கு சகோதரரின் பங்குகளுடன் கலந்த பிரிபடாத பங்கு. "என் காணி முழுவதையும்" என்று எழுதினால், உங்களுக்கு உரியது மட்டும்தான் போகும், மீதி வழக்காகும். உங்கள் சாதனத்தை எழுதும் முன் தந்தையின் சொத்து விவகாரத்தை முடித்துவைப்பதே சரியான ஒழுங்கு.

அரசாங்கம் கொடுத்த காணிகளைத் தனியாக வையுங்கள். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணியையும், சுவர்ணபூமி, ஜயபூமி போன்ற அளிப்புக் காணிகளையும் மரண சாதனத்தால் கொடுக்க முடியாது. அவற்றுக்குப் பின்னுரித்தாளரை நியமித்துப் பதிவு செய்ய வேண்டும். அதற்குரிய இடம் பிரதேச செயலகம்.

சாதனத்தின் கைக்கு எட்டாதவை

ஊழியர் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, ஆயுள் காப்புறுதி, பின்னுரித்தாளர் நியமிக்கப்பட்ட வங்கிக் கணக்குகள் ஆகியவற்றில், நிறுவனம் முதலில் பார்ப்பது உங்கள் சாதனத்தை அல்ல, தன் பதிவேட்டில் உள்ள பெயரை. 25 வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது அம்மாவின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, திருமணமாகி இரு பிள்ளைகளுக்குத் தந்தையான பின்னும் அதை மாற்றாத ஒருவரின் சேமலாபப் பணத்தைப் பெறுவதற்கு மனைவி அலைவது, அலுவலகங்களில் வழக்கமாகவே நிகழும் ஒன்று. சாதனம் எழுதும் அதே வாரத்தில் இந்தப் பெயர்களையும் புதுப்பித்துவிடுங்கள். கூட்டுக் கணக்குகளில் உயிருடன் இருப்பவர் எடுக்கலாம் என்ற நிபந்தனை உண்டா என்று வங்கியிடம் கேளுங்கள். அரச ஊழியரின் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியம் தனக்கென உள்ள விதிகளின்படியே போகும். அதைச் சாதனத்தில் எழுதுவதில் பயனில்லை.

மூன்றாம் படி: யாருக்கு, எந்த உருவத்தில்?

கொழும்பில் மிகக் கூடுதலான மனக்கசப்பை உண்டாக்கும் ஏற்பாடு ஒன்று உண்டென்றால், அது ஒரே வீட்டை மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்காக எழுதிவைப்பதுதான். காதுக்கு நீதியாக ஒலிக்கிறது. ஆனால் ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் இலண்டனில், ஒருவர் அதே வீட்டில் பெற்றோரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார் என்றால், மூவரும் கூட்டுரிமையாளர் ஆகிவிடுவார்கள். அவர்களில் எவரும் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடலாம். நான்காம் மாடியில் உள்ள மூன்று அறை வீட்டை வெட்டிப் பிரிக்க முடியாது என்பதால், அந்த வழக்கு விற்பனையில்தான் முடியும். வீட்டை ஒருவருக்கு எழுதி, மற்ற இருவருக்கும் அவர் குறித்த காலத்துக்குள் குறித்த தொகையைக் கொடுக்க வேண்டும் என்று விதிக்கலாம். அல்லது நிறைவேற்றாளர் (சாதனத்தில் உள்ளதை நடத்திவைக்க நீங்கள் நியமிப்பவர்) வீட்டை விற்றுப் பணத்தைப் பிரிக்க வேண்டும் என்று தெளிவாக அதிகாரம் கொடுக்கலாம். இரண்டுமே சம பங்கைவிட மேலானவை.

துணைக்கு வாழும் இடம் வேண்டும், சொத்து பிள்ளைக்குப் போக வேண்டும் என்றால் சீவிய உரித்து உதவும். உரிமை பிள்ளைக்கும், ஆயுள் முழுவதும் குடியிருக்கவும் வாடகை பெறவும் உள்ள உரித்து துணைக்கும் என எழுதலாம். "மகனுக்கு, அவனுக்குப் பின் பேரனுக்கு, அதன்பின் அவன் பிள்ளைக்கு, யாரும் விற்கக் கூடாது" என்று பரம்பரையைக் கட்டிப்போடும் பழைய வழக்கம் இனி நடவாது; 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதை ஒழித்துவிட்டது. பழைய உறுதிகளைப் பார்த்து அதே வாசகத்தை எழுதச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: "மேற்படி அட்டவணையில் விவரிக்கப்பட்ட தொடர்மாடி வீட்டு அலகையும், அதனோடு சேர்ந்த வாகனத் தரிப்பிடத்தையும், எனது மனைவியின் சீவிய உரித்துக்கு உட்பட்டு, எனது மகளுக்கு முழு உரிமையாகக் கொடுக்கிறேன். எனது மகள் எனக்கு முன் இறப்பின், அப்பங்கு அவளுடைய பிள்ளைகளுக்குச் சமமாகச் சேர வேண்டும்." இதில் இரண்டாவது வாக்கியம்தான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. அதோடு, பெயர் குறிப்பிடாத மீதிச் சொத்து எல்லாம் யாருக்கு என்ற ஒரு பந்தியும் கட்டாயம் வேண்டும்; அது இல்லாவிட்டால், எழுதிய பின் வாங்கிய காணியும் புதிதாகத் திறந்த நிலையான வைப்பும் சாதனம் இல்லாத சொத்தாகவே கருதப்படும். நகைகளைப் பொதுவாக "நகைகள்" என்று எழுதாதீர்கள். தாலிக்கொடி, பதக்கச் சங்கிலி, காப்பு என்று பவுண் நிறையோடு ஒரு பட்டியல் செய்தால் சகோதரிகளின் உறவு நிலைக்கும்.

18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் காணி எழுதினால், அதைப் பிறகு விற்க நீதிமன்ற அனுமதி தேவைப்படும். அப்படியான இடங்களில் 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு பொறுப்பாளரை நியமித்து, படிப்புக்கும் மருத்துவத்துக்கும் செலவிடும் அதிகாரத்தை அவருக்குக் கொடுப்பது சிறந்தது.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற பிள்ளைகளுக்குக் காணி எழுதலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. ஆனால் நெருங்கிய இரத்த உறவினருக்கு மரபுரிமையாகவோ மரண சாதனம் வழியாகவோ சேர்வதற்கு விதிவிலக்கு வைத்திருக்கிறது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

இப்போதே எழுதிக் கொடுத்துவிடலாமா?

"வில் எதற்கு, இப்போதே நன்கொடை உறுதி எழுதிவிடுகிறேன்" என்பார்கள். முத்திரைத் தீர்வையும் விற்பனை உறுதியைவிடக் குறைவு. நீதிமன்றம் போகும் தேவையும் இல்லை. உண்மைதான். ஆனால் மரண சாதனத்தை எந்த நாளும் மாற்றலாம். மீளப்பெற முடியாத நன்கொடையை அப்படி மாற்ற முடியாது. பெற்ற பிள்ளை நன்றி கெட்டு நடந்தால் நன்கொடையை நீக்கும் வழியை 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தந்திருக்கிறது, அதுவும் வழக்குப் போட்டு நிரூபித்தால். 75 வயதில் மகனுக்கு எதிராகச் சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கும் துணிவு எத்தனை பெற்றோருக்கு உண்டு? குடியிருக்கும் வீட்டைச் சீவிய உரித்து வைக்காமல் நன்கொடையாகக் கொடுக்க வேண்டாம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இன்னொன்று. அற்றோணித் தத்துவம், அதாவது தம் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம், அதைக் கொடுத்தவர் இறக்கும் கணத்தில் முடிந்துவிடும். வெளிநாட்டில் இருக்கும் தந்தை கொடுத்த தத்துவத்தை வைத்துக்கொண்டு அவர் இறந்தபின் காணி விற்பது செல்லாது.

நிறைவேற்றாளர் யார்?

மூத்த மகன் என்ற ஒரே காரணத்துக்காக அவரை நியமிக்காதீர்கள். கொழும்பில் வசிப்பவர், கடிதங்களைக் கோப்பில் ஒழுங்காக வைப்பவர், மற்றப் பிள்ளைகள் நம்புபவர் என்பவையே தகுதிகள். அவருக்குப் பதில் ஒருவரையும் பெயர் குறிப்பிடுங்கள். அப்படி எவரும் இல்லாவிட்டால் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரை நியமிக்கலாம்.

கையொப்பமிடும் நாள்

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இரண்டு வழிகளைத் தருகிறது. பிரசித்த நொத்தாரிசும் குறைந்தது இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிலையில் இருக்கக் கையொப்பமிடுவது ஒன்று. நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் இருக்கக் கையொப்பமிட்டு, அவர்களும் உங்கள் முன் கையொப்பமிடுவது மற்றது. கைப்பட எழுதி அலுமாரியில் வைத்த தாளும், கைபேசியில் பதிவு செய்த காணொளியும் இரண்டிலும் சேரா. ஐந்து சாட்சி வழியை மருத்துவமனைப் படுக்கை போன்ற அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நொத்தாரிசுக்கு எந்த மொழியில் உறுதி எழுத அதிகாரம் உண்டு என்று முதலில் கேளுங்கள். அவர்களின் அதிகாரம் மொழி வாரியாகக் கொடுக்கப்படுகிறது. தமிழ் மட்டும் வாசிக்கும் ஒருவர் ஆங்கிலச் சாதனத்தில் ஒப்பமிடுவது பின்னாளில் "அவருக்கு என்ன எழுதியிருந்தது என்று தெரியாது" என்ற ஆட்சேபத்துக்கு வாசல் திறக்கும். நொத்தாரிசு சாதனத்தை உரக்க வாசிக்கும்போது அறைக்குள் நீங்களும் அவரும் சாட்சிகளும் மட்டுமே இருக்க வேண்டும். யாரும் இடையில் தொலைபேசி எடுக்க வெளியே போகக் கூடாது. பக்கங்கள் ஒவ்வொன்றிலும் ஒப்பமிடுங்கள், முடிவில் முழுக் கையொப்பம் இடுங்கள். சொத்துப் பெறுபவரோ அவரது துணையோ சாட்சியாக இருக்கக் கூடாது, அவர்களே உங்களை வாகனத்தில் அழைத்துவந்து வாசலில் காத்திருப்பதும் உகந்ததல்ல. சாதனத்தால் கூடுதல் நன்மை பெறுபவரே அதை எழுத முன்னின்றார் என்றால், அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பு அவர்மீதே விழும். வயது முதிர்ந்தவராகவோ நோயாளியாகவோ இருந்தால், அறிவுத் தெளிவு பற்றி வழக்கமாகப் பார்க்கும் வைத்தியரிடம் அன்றைய தேதியில் சான்றிதழ் ஒன்று பெற்றுக்கொள்ளுங்கள்.

காப்பும் மாற்றமும்

மூலப் பிரதி யார் கையில் இருக்கும் என்று நொத்தாரிசிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பெயரில் மட்டும் உள்ள வங்கிப் பெட்டகத்தில் அதை வைக்காதீர்கள். நீங்கள் இறந்தபின் பெட்டகத்தைத் திறக்கவே அந்தச் சாதனம் வேண்டிவரும். நிறைவேற்றாளருக்கு இருக்கும் இடம் தெரிந்தால் போதும், உள்ளடக்கம் தெரிய வேண்டியதில்லை.

பேனாவால் வெட்டித் திருத்தாதீர்கள். சிறு மாற்றமும் அதே முறையில் சாட்சிகளோடு எழுதப்பட்ட பின்சேர்க்கையாகவே இருக்க வேண்டும். மாற்றம் பெரிதென்றால் புதிய சாதனமே நல்லது, முந்தியவற்றை இரத்துச் செய்கிறேன் என்ற வாக்கியத்தோடு. சாதனம் எழுதியபின் திருமணம் செய்தால் அது பொதுவாக இரத்தாகிவிடும் என்பதை மறுமணம் செய்வோர் மறந்துவிடுகிறார்கள். பதிவுத் திருமணத்தின் அடுத்த வாரமே புதிதாக எழுத வேண்டும்.

இறந்தபின் குடும்பத்தார் செய்ய வேண்டியவை

சாதனத்தை வைத்திருப்பவர், இறந்தவர் இறுதியாக வசித்த இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் அதை ஒப்படைக்க வேண்டும். கொழும்புவாசிகளில் பெரும்பாலோருக்கு அது புதுக்கடை. சொத்தின் பெறுமதி சட்டம் வகுத்த வரம்பைத் தாண்டினால், நிறைவேற்றாளர் மரண அத்தாட்சிப் பத்திரம், சத்தியக் கடதாசி, சொத்துப் பட்டியல் ஆகியவற்றோடு மனுத் தாக்கல் செய்து புரோபேட், அதாவது சாதனத்தை ஏற்று நீதிமன்றம் வழங்கும் சான்று, பெற வேண்டும். பத்திரிகையில் அறிவித்தல் வரும், ஆட்சேபம் தெரிவிக்கக் காலம் கொடுக்கப்படும். ஆட்சேபம் இல்லாவிட்டாலும் மாதங்கள் ஆகும் என்பதால், அன்றாடச் செலவுக்கான பணத்தைத் துணையின் பெயரிலும் உள்ள ஒரு கணக்கில் முன்கூட்டியே வைத்திருப்பது நல்லது. புரோபேட் கிடைத்தபின் கடன்களும் வரிகளும் முதலில் தீர்க்கப்படும். அதன்பின் நிறைவேற்றாளர் ஒவ்வொரு காணிக்கும் வீட்டுக்கும் உரியவரின் பெயரில் உறுதி எழுதிக் கொடுத்து, அதைக் காணிப் பதிவகத்தில் பதிந்து, மாநகர சபையின் ஆதன வரிப் பதிவேட்டிலும் மின்சார, நீர்க் கணக்குகளிலும் பெயரை மாற்றுவித்து, இறுதிக் கணக்கை நீதிமன்றத்தில் சமர்ப்பிக்க வேண்டும்.